மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

ஜூன் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

போன் பண்ணாதே என்றுதான் சொன்னாய். கடிதம் போடாதே என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். நீ பிரிக்காமல் வைத்தாலும் அண்ணி பிரித்துவிடுவார் என்ற தைரியம்தான்.

வேலையில் சேர்ந்துவிட்டேன். கீழே மருந்துக்கடை, மேலே எங்கள் ஜிம். தெருவிலிருந்து இருபத்திரண்டு படி. உள்ளே ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. எதிர்ச் சுவரோரம் தரையில் நீளமாக மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறார்கள். புதிதாகச் சேரும் கோச் எட்டு வாரம் அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். பயிற்சிக்கு வருகிறவர்களிடம் பேசக் கூடாது, யாரையும் திருத்தக் கூடாது, ஒரு டம்பெல்லைக்கூட எடுத்துக் கொடுக்கக் கூடாது. மூத்த கோச்சுகள் செய்வதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். எட்டு வாரம் முடிந்ததும் மேலாளர் அம்மா முன்னால் நான் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். அவருக்குப் பிடித்தால் நான் கோச். பிடிக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இங்கே மூத்தவர்கள் இரண்டு பேர். கேப்டன் என்று எல்லோரும் கூப்பிடுகிறவருக்கு முப்பத்து நான்கு வயது. சிட்டு என்கிற பெண்ணுக்கு இருபத்தாறு. இருவரும் என்னை அக்கா என்கிறார்கள். எதைக் கேட்டாலும் கேப்டனிடமிருந்து ஒரே பதில்தான், "பாருங்கக்கா."

பஸ் நிலையத்தில் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "முப்பத்தொம்பது வயசுல ட்ராக் பேண்ட் மாட்டிக்கிட்டு நாலு பேரைக் குதிக்கச் சொல்றது ஒரு வேலையா?" பதினாறு வருடம் துணிக்கடையில் நின்றேன். கடையை மூடினார்கள். நீ எனக்காக அலைந்து உன் பஸ் டிப்போவில் டிக்கெட் கவுண்டர் வேலை பார்த்து வைத்தாய். அதை வேண்டாம் என்றது உன் மனதைச் சுட்டிருக்கும், தெரியும். ஆனால் ஆறு மாதம் படித்து, பரீட்சை எழுதி, நானே தேடிக்கொண்ட வேலை இது. எனக்கு இது பெருமையாக இருக்கிறது அண்ணா.

உன் தங்கை

*

ஜூன் 13

தங்கைக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணி சத்தமாகப் படித்தாள். நான் கேட்கவில்லை. காதில் விழுந்தது.

சுவரோரம் நின்று வேடிக்கை பார்ப்பதற்கு ஆளைப் பிடித்து, அதற்கு வேலை என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். நல்ல கூத்து. அந்தச் சிட்டு உன்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவள். அவள் முன்னால் கைகட்டி நிற்கிறாயே, உனக்கு ரோஷம் கிடையாதா? நம் வீட்டு ரோஷத்தில் உன் பங்கையும் நானே எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

இருபத்தொரு வருடமாக பஸ் ஓட்டுகிறேன். ஸ்டீயரிங்கைத் தொடாமல் எவனும் டிரைவர் ஆனதில்லை.

டிப்போவில் உன்னைப் பற்றிக் கேட்டால் கம்பெனியில் இருக்கிறாள் என்கிறேன். என்ன கம்பெனி என்று ஒருவன் குடைந்தான். பெரிய கம்பெனி என்றேன். இப்படி என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டாய். கவுண்டர் வேலை இந்த மாதக் கடைசி வரை காலியாகத்தான் இருக்கும். நாற்காலிக்கு நேர் மேலே மின்விசிறி. யோசி.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்

*

ஜூன் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

ரோஷம் இருக்கிறது. அதனால்தான் நிற்கிறேன்.

ஸ்டீயரிங்கைத் தொடாமல் டிரைவர் ஆனதில்லை என்று எழுதியிருக்கிறாய். வேலைக்குச் சேர்வதற்கு முன் மூன்று மாதம் டிரைவர் சீட்டுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து போய் வந்தாயே, அது எந்தக் கணக்கில் சேரும்? சாப்பிட உட்கார்ந்தால் தட்டைக்கூடப் பார்க்காமல், "அவரு திருப்பம் வர்றதுக்கு முன்னாடியே கண்ணாடியைப் பாத்துடறாரு" என்று சொல்லிச் சொல்லி எங்கள் பிராணனை வாங்கினாய். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நான் பார்த்ததைச் சொல்கிறேன், கேள். காலை ஆறு மணி வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னால் கேப்டன் மாடிப்படி உச்சியில் வந்து நின்றுகொள்வார். வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லத்தான் என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. யார் கைப்பிடியைப் பிடிக்கிறார்கள், எந்தக் கையால், எந்தக் காலை முதலில் வைக்கிறார்கள், யார் மூச்சு வாங்குவதை மறைக்க நடுவில் நின்று செல்போனைப் பார்க்கிறார்கள் என்று கவனிக்கிறார். அன்றைக்கு யாருக்கு எவ்வளவு பயிற்சி என்பது அந்தப் படியிலேயே முடிவாகிவிடுகிறது. கண்ணாடிக்காரர் என்று ஒருவர் வருகிறார், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் வழக்கமில்லாமல் இடது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கேப்டன் வலிக்கிறதா என்று கேட்கவில்லை. அவர் எடுக்கப்போன டம்பெல்லுக்குப் பதிலாகச் சின்னதை நீட்டி, "இன்னைக்கு இதை எடுத்துக்கங்க" என்றார். அவ்வளவுதான். அவர் மானமும் போகவில்லை, தோளும் போகவில்லை.

சிட்டு யாரிடமும் முடியுமா என்று கேட்பதே இல்லை. கேட்டால் எல்லோரும் முடியும் என்றுதான் சொல்வார்கள். அவள் தோளைப் பார்க்கிறாள். தோள் காதுப் பக்கம் ஏறிவிட்டால் பத்து எண்ண வேண்டிய இடத்தில் எட்டிலேயே நிறுத்திவிடுகிறாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன், இன்னும் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கிறது.

கடையில் ஆள் வாசலில் நுழையும்போதே சட்டை அளவு நாற்பதா நாற்பத்திரண்டா என்று டேப் இல்லாமல் சொல்வேனே, அந்தக் கண் இங்கே வீணாகவில்லை. மூன்றாவது நோட்டு ஓடுகிறது. மேலாளர் அம்மா முதல் நோட்டைப் புரட்டிப் பார்த்து, நான்கு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து கோச்சுகள் அறைச் சுவரில் ஒட்டச் சொல்லிவிட்டார். உன் தங்கை கையெழுத்து சுவரில் தொங்குகிறது அண்ணா.

நான் தங்கியிருக்கும் அறைக்கு வந்ததும் பீரோ கண்ணாடி முன்னால் கேப்டனைப் போலவே ஸ்குவாட் போடுகிறேன். நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்வது போல இறங்கி எழுவது. தினம் இருநூறு. அவர் இறங்குகிற அழகு அச்சு அசலாக எனக்கு வந்துவிட்டது.

உன் தங்கை

*

ஜூலை 8

தங்கைக்கு,

பேனா மக்கர் பண்ணுகிறது. மகளுடைய பென்சிலில் எழுதுகிறேன். மங்கலாக இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துக்கொள்.

வீட்டில் இருக்கிறேன். விடுப்பு மீந்து கிடந்தது, எடுத்துக்கொண்டேன். கூரையில் இத்தனை விரிசல் இருப்பது இப்போதுதான் தெரிகிறது. மின்விசிறிக்குப் பக்கத்தில் ஒன்று, ஜன்னல் வரை ஓடுகிறது. மழைக்கு முன் பூச வேண்டும்.

கவுண்டர் வேலைக்கு வேறு ஒரு பெண்ணை எடுத்துவிட்டார்களாம். கூட வேலை செய்கிறவன் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனான். போனது போனதுதான்.

பின்சீட்டில் உட்கார்ந்து போனது வேறு விஷயம். அதை இதோடு சேர்க்காதே.

மாடிப்படி விஷயத்தை இரண்டு தடவை படித்தேன். அந்த ஆள் கெட்டிக்காரன்தான். அடுத்த மாதம் டிப்போவில் எங்களுக்கு மருத்துவப் பரிசோதனை. வருடா வருடம் வருவதுதான், புதிதாக ஒன்றுமில்லை. உன் அண்ணி தானும் நான்கு வரி எழுதுகிறேன் என்று நிற்கிறாள். தாளில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன்

*

ஜூலை 18

அண்ணா,

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். மற்றவர்கள் மூலம் உனக்குத் தெரிய வழியில்லை. இருந்தாலும் பெருமையை எழுதிவிட்டு இதை மறைத்தால் நன்றாக இருக்காது.

செவ்வாய்க்கிழமை கேப்டன் என்னைக் கோட்டைத் தாண்டி வரச் சொன்னார். பத்து நிமிடம் ஸ்குவாட் மட்டும் நான் எடுக்க வேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடிக்காரர் அன்றைக்கு வரவில்லை, மற்றவர்கள் பன்னிரண்டு பேர். முன்னால் நின்று செய்து காட்டினேன். எல்லோரும் என்னைப் பார்த்துச் செய்தார்கள். ஐந்தாவது தடவை இறங்கும்போது சிட்டு களுக்கென்று சிரித்தாள். கண்ணாடியில் பார்த்தேன். பன்னிரண்டு பேரும் வலது பக்கமாகச் சாய்ந்து இறங்குகிறார்கள், ஒரே கயிற்றில் கட்டி இழுத்த மாதிரி. நடுவில் நான், எல்லோரையும்விட அதிகமாகச் சாய்ந்துகொண்டு.

நான் யாரிடமிருந்து கற்றேன்? கேப்டனைத் திரும்பிப் பார்த்தேன். சிட்டுவும் பார்த்தாள், அதோடு அவள் சிரிப்பு நின்றது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஐந்து மாதமாக அவருக்கு இடது முட்டியில் வலி இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல், பாரத்தையெல்லாம் வலது காலில் போட்டு இறங்கியிருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்ததால் தினம் கூட இருப்பவர்கள் கண்ணில் படவில்லை. நான் புதிதாக வந்து உற்றுப் பார்த்து, அதுதான் சரியான முறை என்று நினைத்து, அவர் வலியையும் சேர்த்து மனப்பாடம் பண்ணியிருக்கிறேன்.

அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர் மறைத்ததை எல்லோர் முன்னாலும் நான் போட்டு உடைத்துவிட்டேன். இன்றைக்குக் காலையில் வந்து, "டாக்டர்கிட்ட போறேன்கா" என்று மட்டும் சொன்னார். கோபமா இல்லையா என்று தெரியவில்லை. மேலாளர் அம்மா என் வகுப்பை ஆகஸ்ட் முதல் தேதிக்கு வைத்திருக்கிறார். அந்த அம்மாவும் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. நோட்டை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நீ சொன்னது சரிதானோ என்று முதல் தடவையாகத் தோன்றுகிறது.

தங்கை

*

ஜூலை 25

அன்புத் தங்கைக்கு,

சிரித்தது யார், அந்தச் சிட்டுவா? அவள் முதல் நாள் எப்படி இறங்கினாள் என்று கேள்.

வந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதவில்லை. நீ செய்ததில் என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை. ஐந்து மாதம் கூடவே இருந்தவர்கள் பார்க்காததை ஆறு வாரத்தில் நீ பார்த்திருக்கிறாய். பார்த்தது இன்னதென்று தெரியாமல் பார்த்தாய், அவ்வளவுதான். இப்போது தெரிந்துவிட்டது, இல்லையா?

அந்தக் கேப்டனையும் குறை சொல்லாதே. வேலை செய்கிற ஆம்பிளை வலியைத் தம்பட்டம் அடித்துக்கொண்டிருக்க மாட்டான். சொன்னால் மறுநாளே சாவியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்புறம் வீட்டில் கிடக்க வேண்டியதுதான். அது உனக்குப் புரியாது.

முதல் தேதி போய் அந்த வகுப்பை எடு. தலையைக் குனிந்துகொண்டு இந்த வாசலுக்கு வராதே. நிமிர்ந்து வருவதானால் வா.

பென்சில் மொக்கையாகிவிட்டது. நிறுத்துகிறேன்.

உன் அண்ணன்

*

ஆகஸ்ட் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் என் விஷயம். அப்புறம் உன் விஷயம்.

முதல் தேதி காலை படி உச்சியில் போய் நின்றேன். புதிதாக ஒரு பெண், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துச் சிரித்துக்கொண்டே ஏறி வந்தாள். குறித்துக்கொண்டேன். வகுப்பில் ஸ்குவாட் வந்தபோது நான் செய்து காட்டவில்லை. சுவரோரம் கிடந்த பெஞ்சை நடுவில் இழுத்துப் போட்டு, கண்ணாடிக்காரரை உட்கார்ந்து எழச் சொன்னேன். அந்த வகுப்பிலேயே நேராக இறங்குவது அவர்தான், என் நோட்டில் ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறேன். அறுபத்து நான்கு வயதில் பதினொரு பேருக்கு எதிரே செய்து காட்டச் சொன்னதும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. நான் சுற்றி வந்து எல்லோருடைய முட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டே வந்த பெண்ணைப் பெஞ்சு வரைக்கும் மட்டும் இறங்க வைத்தேன்.

முடிந்ததும் மேலாளர் அம்மா நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "ஆறு மணி பேட்ச் இனிமே உங்களோடது" என்றார். கேப்டனுக்கு மூன்று மாதம் ஓய்வு. முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு அன்றைக்கு வந்திருந்தார். எங்கே உட்கார்ந்திருந்தார் தெரியுமா? மஞ்சள் கோட்டுக்குப் பின்னால், ஸ்டூல் போட்டு, மடியில் ஒரு புது நோட்டு. "நீங்க கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டதை எழுதிக்கிட்டேன்கா. எனக்குத் தோணவே இல்லை" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இனி உன் விஷயம். நீ படுத்துக்கொண்டுதான் எழுதுகிறாய். மல்லாந்து.

கடைசி இரண்டு கடிதமும் பென்சில். பேனா மக்கர் என்றாய். பாயில் மல்லாந்து படுத்து, அட்டையைத் தூக்கிப் பிடித்து நானும் எழுதிப் பார்த்தேன். நான்காவது வரியில் பேனாவில் மை நின்றது. பென்சில்தான் எழுதுகிறது. மழைக்கு ஒழுகினாலும் அண்ணாந்து பார்க்காத ஆள் நீ, கூரை விரிசலை ஜன்னல் வரை எண்ணியிருக்கிறாய். டிப்போ ஆள் வீட்டுக்கு வந்து சேதி சொல்கிறான், நீ டிப்போ பக்கமே போகவில்லை. அண்ணிக்கு நான்கு வரி எழுத இடம் கொடுக்கவில்லை, கொடுத்திருந்தால் அவர் சொல்லியிருப்பார். வந்துவிடு என்று எழுத உட்கார்ந்தேன் என்கிறாய். நீ உட்காரவில்லை அண்ணா. உன்னால் உட்கார முடியவில்லை. முட்டி வலிக்கிறவரைப் பற்றி நான் எழுதினேன், சாவியை வாங்கிக்கொள்வார்கள் என்று நீ பதில் எழுதினாய். ஜிம்மில் ஏது சாவி?

இடுப்பா, முதுகா? எனக்குத் தெரியாது. அதனால் இதைச் செய் அதைச் செய் என்று எழுத மாட்டேன். நேரில் பார்க்காத உடம்புக்கு வாய் திறக்கக் கூடாது என்பது இங்கே கற்றது. மருத்துவரிடம் போ. பரிசோதனைக்கு முன்னால் போ. மறைத்து ஓட்டினால் உன் வலி உன்னோடு நிற்காது. என் பின்னால் பன்னிரண்டு பேர் சாய்ந்தார்கள். உன் பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 9

தங்கைக்கு,

நாளைக்குப் போகிறோம். உன் அண்ணி உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாகக் கட்டிலருகில் நிற்கிறாள். ஒரு மாதமாகத் தலைபாடாக அடித்துக்கொண்டது அவள், பேர் வாங்கியது நீ.

ஆறு மணி பேட்ச் விஷயம் படித்தேன்.

அண்ணன்

(பென்சில்தான். கண்டுபிடிக்க வேண்டாம்.)

*

ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணி எல்லாம் எழுதிவிட்டார், தாள் நிறைய. இடுப்புப் பக்கம் முதுகெலும்புக்கு நடுவில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, அறுவை சிகிச்சை வேண்டாம், ஆறு வாரம் சிகிச்சை என்றால் நல்ல சேதிதான். மருத்துவமனையில் பயிற்சி சொல்லிக் கொடுப்பவர் பத்து என்றால் பத்து. உன் வீம்புக்குப் பதினைந்து செய்யாதே. அவரை ஏமாற்ற நினைக்காதே, அவர் உன் தோளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பயணம் போகலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு ஒரு காலைப் பொழுது இங்கே வா. விதி உனக்கும் ஒன்றுதான். கோட்டுக்குப் பின்னால், வாயைத் திறக்காமல்.

உன் தங்கை

*

செப்டம்பர் 30

அன்புள்ள தங்கைக்கு,

இது பேனா. நாற்காலியில் உட்கார்ந்து மேஜையில் வைத்து எழுதுகிறேன். வேண்டுமானால் அண்ணியைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்.

வியாழக்கிழமை ஊர் திரும்பினோம். அங்கே வாயைத் திறக்காதே என்றாய், திறக்கவில்லை. அதனால் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

இருபத்திரண்டு படி. மேலே நீ நிற்கிறாய் என்று தெரிந்ததால் கைப்பிடியைத் தொடுவதில்லை என்ற முடிவோடு ஏறினேன். பதினெட்டாவது படியில் தொட்டேன். நீ பார்த்தாய். அண்ணா என்று கூப்பிடவில்லை, ஓடி வந்து தாங்கவும் இல்லை. மற்றவர்களுக்குச் சொன்ன மாதிரியே வாங்க என்றாய். உள்ளே போனால் கோட்டுக்குப் பின்னால் ஸ்டூல் இல்லை, முதுகு சாய்கிற நாற்காலி. அது எப்போது வந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

ஆறு மணிக்குச் சரியாக ஆரம்பித்தாய். நீ கத்தவில்லை. வகுப்பில் பின்தங்கியவர்களின் பக்கத்தில் போய் நிற்காமல் பின்னால் போய் நின்றாய், மற்றவர்களுக்குத் தெரியாதபடி. சிரித்துக்கொண்டே வரும் பெண் என்று எழுதினாயே, அவள் பெஞ்சு இல்லாமல் இறங்கினாள். நீ கைதட்டவில்லை. அவளைப் பார்த்துத் தலையை ஒரு தடவை ஆட்டினாய். அதற்கு அவள் பூரித்துப்போனாள். கேப்டன் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். அந்தச் சிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அக்கா நோட்டைப் படிச்சுத்தான் நான் இப்ப எண்ணறதை மாத்திக்கிட்டேன்" என்றாள். நல்ல பெண். நான் ஜூனில் எழுதியதை மறந்துவிடு.

உன் முதுகில் கோச் என்று பெரிதாக எழுதியிருக்கிறது. நீ திரும்பும்போதெல்லாம் அதைப் படித்தேன்.

பரிசோதனையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாவியை வாங்கிக்கொண்டார்கள், மூன்று மாதத்துக்கு. அதுவரை எங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்று கேட்காதே. சொல்லிவிடுகிறேன், டிக்கெட் கவுண்டரில், புதிதாக எடுத்த அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில். மின்விசிறி நன்றாகத்தான் சுற்றுகிறது. நாள் முழுக்க ஒரு சன்னல் ஓட்டை வழியாகக் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ வேண்டாம் என்றது சரி. அதைச் சொல்ல எனக்கு நான்கு மாதமும் ஒரு இடுப்பும் தேவைப்பட்டிருக்கிறது.

பெரிய கம்பெனி என்று நான் சொன்னவன் நேற்று கவுண்டருக்கு வந்தான். அவனே கேட்பான் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. நானாகவே கூப்பிட்டேன். "என் தங்கச்சி கோச். காலையில ஆறு மணி பேட்ச் அவளோடது. படியேறி வரும்போதே ஆளோட வலி எங்கேன்னு சொல்லிடுவா" என்றேன். பின்னால் வரிசையில் ஏழு பேர் நின்றார்கள். அவர்களும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

நாளைக்கு போன் பண்ணு. உன் பேட்ச் முடிந்த பிறகு.

இந்தக் கடைசி வரிகளில் எழுத்து கோணலாகியிருக்கும், நீ பார்த்திருப்பாய். இடுப்பு என்று நினைத்துக்கொள்ளாதே. இடுப்பு நன்றாக இருக்கிறது.

உன் அண்ணன்